17 பி எந்த ஊருக்குப் போகும்?

இது கொஞ்சம் நீளமான பதிவு. அவசரமாக இருப்பவர்கள் ராத்திரி சாப்பிட்டு முடித்துவிட்டுப் படியுங்கள்.

போன வெள்ளிக்கிழமை நம்ம பல்லாவரம் சந்தைக்குப் போயிருந்தேன். பழைய டிரங்க் ரோட்டில் செருப்பு வைக்க இடமில்லாத கூட்டம். புறா, பழைய மிக்ஸி, சைக்கிள் டயர் எல்லாவற்றையும் தாண்டி, செடி விற்பவரிடம் ஒரு அடுக்குச் செம்பருத்திக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து "டீச்சர்!" என்று ஒரு குரல். திரும்பினால் என்னிடம் நாலாம் வகுப்பு படித்த பையன். இப்போது ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் ஹெச்.ஆர். தலையில் பாதி முடி இல்லை. எனக்கு அவன் இன்னும் பையன்தான்.

டீக்கடையில் உட்கார்ந்தோம். "டீச்சர், உங்களுக்குப் பிடிக்கும், இதப் பாருங்க" என்று போனை நீட்டினான். ராத்திரி ஷிப்டில் தூங்கியதாகப் பிடிபட்ட ஒரு ஆபரேட்டர், மெமோவுக்குத் தன் கையெழுத்தில் எழுதிய பதில். அதன் சாரம் இது: "நான் தூங்கவில்லை. கண்ணை மூடி மிஷின் சத்தத்தைக் கவனித்துக்கொண்டிருந்தேன். சத்தம் மாறினால் உடனே எழுந்துவிடுவேன்."

எழுந்துவிடுவேனாம்! டீ புரையேறுகிற அளவுக்குச் சிரித்துவிட்டேன். அவனும் சிரித்தான். கீழே வரிசையாகக் கண்ணீர் வரச் சிரிக்கும் மஞ்சள் முகங்கள், இரண்டு வடிவேலு மீம்கள். பல கம்பெனி ஹெச்.ஆர். ஆட்கள் சேர்ந்து வைத்திருக்கும் குரூப்பாம், நூற்று நாற்பது பேர் இருக்கிறார்களாம்.

சிரித்து முடித்து, டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன். "அந்தப் பையன் என்னப்பா ஆனான்?"

"என்கொயரி போய்ட்டிருக்கு டீச்சர். அடுத்த வாரம் சிட்டிங்."

"விசாரணை பண்றவர் இந்த குரூப்ல இருக்காரா?"

அவன் பதில் சொல்லவில்லை. ரெண்டு டீக்கும் காசு கொடுக்க எழுந்து போனான்.

அன்று முழுக்க அது மனசை அரித்துக்கொண்டே இருந்தது. அதனால்தான் இந்தப் பதிவு.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒழுங்கு நடவடிக்கையில் சிரிப்பு கூடாது என்று சொல்கிற ஆள் நானில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் இருந்தவள். அதில் பத்து வருஷத்துக்கு மேல் தலைமை ஆசிரியை. சிரிக்காமல் அந்த நாற்காலியில் உட்கார முடியாது. அரசாங்க மெமோவை விட நகைச்சுவையான இலக்கியம் தமிழில் குறைவு என்பேன். தினமும் "நீ வா, போ" என்று பேசுகிற அலுவலர், மெமோ எழுதும்போது மட்டும் "தாங்கள்" என்பார். நமக்கு மரியாதை கிடைக்கிற ஒரே நாள் அதுதான். "தங்கள் மீது ஏன் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கக்கூடாது" என்று கேட்டிருக்கும். இதற்கு என்ன பதில் எழுதுவது? "எடுக்கக்கூடாது, ஏனென்றால் எனக்குப் பயமாக இருக்கிறது" என்று எழுதலாம். அதுதானே உண்மை.

அப்புறம் அந்தத் "திரண்ட பயன்". ஊதிய உயர்வு நிறுத்தம் இரண்டு வகை: திரண்ட பயனின்றி, திரண்ட பயனுடன். புதிதாக வேலைக்கு வந்தவர்கள் "பயனுடன்" என்றால் நல்லதுதானே என்று நினைத்துக்கொள்வார்கள். நேர் எதிர். திரண்ட பயனின்றி என்றால் உயர்வு அந்தக் காலத்துக்கு மட்டும் நிற்கும், பிறகு பழைய இடத்துக்கு வந்துவிடலாம். திரண்ட பயனுடன் என்றால் அந்தப் பள்ளம் சர்வீஸ் முழுக்கக் கூடவே வரும், பென்ஷன் வரைக்கும். வாழ்த்து மாதிரி பெயர் வைத்துச் சாபம் கொடுக்க நம் அலுவலக மொழிக்கு மட்டும்தான் தெரியும்.

அரசு ஊழியர் வீட்டில் பிறந்த குழந்தைக்குக்கூட 17 ஏ, 17 பி தெரியும். தமிழ்நாடு குடிமைப் பணிகள் ஒழுங்கு மற்றும் மேல்முறையீட்டு விதிகளில் 17-ஆவது விதி. ஏ என்றால் சின்னத் தண்டனைக்கான வழி. பி என்றால் பெரியது. குற்றச்சாட்டை எழுதிக் கொடுத்து, விசாரணை வைத்து, வேலையை விட்டு நீக்குவது வரை போகலாம். 17 இ என்றால் சஸ்பென்ஷன். 2019 ஜனவரி ஜாக்டோ-ஜியோ போராட்டத்தில் ஆயிரக்கணக்கான ஆசிரியர்களுக்கு இந்த 17 பி போனது. (2021-ல் அரசு அந்த நடவடிக்கைகளைக் கைவிட்டது.) அப்போது நான் ஓய்வு பெற்றாகிவிட்டது. எனக்குத் தெரிந்த ஒரு ஆசிரியை வீட்டில் நடந்தது இது. அழுதுகொண்டே வந்து, "அத்தை, எனக்கு 17 பி வந்துடுச்சு" என்றிருக்கிறார். மாமியாருக்குக் காது கொஞ்சம் மந்தம். "17 பி-யா? அது எந்த ஊருக்குப் போகும்?" என்று கேட்டார். பேப்பர் படித்துக்கொண்டிருந்த வீட்டுக்காரர் தலையைத் தூக்காமலே சொன்னார்: "வீட்டுக்கு."

அந்த ஆசிரியையும் அழுகையை நிறுத்திவிட்டுச் சிரித்துவிட்டாராம். இதை எனக்குச் சொன்னதே அவர்தான். மெமோ வாங்கியவரே சொல்லிச் சிரிக்கிற சிரிப்பு இது. என் பாட்டி பாஷையில் சொன்னால், சுட்ட புண்ணுக்கு அவரவர் போட்டுக்கொள்ளும் விளக்கெண்ணெய்.

2003-ஐ என் வயதுக்காரர்கள் மறந்திருக்க முடியாது. ஜூலை 2-ஆம் தேதி வேலைநிறுத்தம் தொடங்கியது. சில நாட்களிலேயே ஏறத்தாழ 1,70,000 அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் எஸ்மா சட்டத்தில் ஒரே வீச்சில் பணிநீக்கம். மெமோ இல்லை, விளக்கம் இல்லை, விசாரணை இல்லை. உச்ச நீதிமன்றம் வரை போன பிறகு, நிபந்தனையற்ற மன்னிப்பும், இனி நடத்தை விதி 22-ஐ மீற மாட்டேன் என்ற உறுதிமொழியும் எழுதிக் கொடுத்தால் திரும்பச் சேர்த்துக்கொள்வதாக அரசு ஒப்புக்கொண்டது. கைதானவர்களுக்கும் வழக்குப் பதிவானவர்களுக்கும் அதுவும் இல்லை. ஆகஸ்ட் 6-ஆம் தேதி வந்த தீர்ப்பில், அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்ய உரிமையே இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

அந்த மன்னிப்புக் கடிதத்தைத்தான் நினைத்துப் பாருங்கள். லட்சக்கணக்கான பேர், ஒரே மாதிரி வாசகம். வாழ்நாள் முழுக்கப் பிள்ளைகளுக்கு இம்போசிஷன் கொடுத்த நாங்கள், ஊரே சேர்ந்து எழுதிய இம்போசிஷன் அது. இதைச் சொன்னவர் எங்களோடு இருந்த ஒரு கணக்கு ஆசிரியர். "நூறு தடவை எழுதச் சொல்லல, அதுவரைக்கும் சந்தோஷம்" என்றார். அந்த மாதம் நாங்கள் சிரித்தது அந்த ஒரு தடவைதான். அதையே அந்தப் பக்கம் உட்கார்ந்து கடிதங்களை வாங்கி அடுக்கிய ஒருவர் சொல்லியிருந்தால்? அதே வார்த்தைதான். ஆனால் ஜென்மத்துக்கும் மன்னித்திருக்க மாட்டோம்.

என் கட்சி இதுதான். ஒரு ஜோக் நல்லதா கெட்டதா என்பது அது எவ்வளவு சிரிப்பு மூட்டுகிறது என்பதில் இல்லை. மேசைக்கு எந்தப் பக்கம் இருந்து வருகிறது என்பதில் இருக்கிறது.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. தப்புச் செய்து தெரிந்துகொண்டேன். அதை இங்கே எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

நான் தலைமை ஆசிரியையாக இருந்தபோது கூடுவாஞ்சேரிப் பக்கத்திலிருந்து ஒரு இளம் ஆசிரியை வருவார். வாரத்தில் மூன்று நாள் தாமதம். பத்து நிமிஷம், கால் மணி. மெமோ கொடுக்க எனக்கு மனசில்லை. சர்வீஸ் ரெஜிஸ்டரில் கறை வேண்டாம், சின்னப் பெண், பேச்சிலேயே திருத்திவிடலாம் என்று பெருந்தன்மையாக நினைத்துக்கொண்டேன். ஒரு நாள் பிரேயர் முடிகிற நேரத்தில் அவர் கேட்டைத் திறந்துகொண்டு வந்தார். "டீச்சர் வந்துட்டாங்க, இனிமே ரெண்டாவது பெல் அடிக்கலாம்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

எனக்கு அது பிடித்துப்போனது. அடிக்கடி சொன்னேன். பிறகு நான் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. சத்துணவு ஆயா சொன்னார். வாட்ச்மேன் சொன்னார். ஒரு நாள் அஞ்சாம் வகுப்புப் பையன் ஒருவன், அவர் கேட்டில் நுழையும்போதே "ரெண்டாவது பெல் டீச்சர்" என்று கத்தினான். நான் அவனைக் கண்டித்தேன். எனக்கு அப்போதும் உறைக்கவில்லை.

ஒரு மாதம் போயிருக்கும். சாயங்காலம் பிள்ளைகள் போன பிறகு அறைக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "டீச்சர், எனக்கு மெமோ குடுத்துடுங்க" என்றார்.

"என்னம்மா, நான் என்ன சொல்லிட்டேன் இப்ப?"

"மெமோன்னா நான் பதில் எழுதுவேன் டீச்சர். ஜோக்குக்கு எப்படிப் பதில் எழுதறது?"

முப்பது வருஷ சர்வீஸில் என்னிடம் யாரும் இவ்வளவு சரியாக ஒரு கேள்வி கேட்டதில்லை. மறுநாள் மெமோ கொடுத்தேன். நேரான பாஷையில், தேதி வாரியாகத் தாமதங்களைக் குறிப்பிட்டு, காரணம் கேட்டு. பதில் அரைப் பக்கம் வந்தது. மாமனார் பக்கவாதத்தில் படுத்திருக்கிறார். கணவருக்கு வெளியூரில் வேலை. காலையில் பார்த்துக்கொள்ள வருகிற அம்மா எட்டு மணிக்குத்தான் வருவார். அவர் வந்த பிறகு கிளம்பினால் ஒரு ரயில், அவர் பத்து நிமிஷம் தாமதித்தால் அடுத்த ரயில். இவ்வளவுதான். இதை அவர் முதல் நாளே என்னிடம் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். நான் கேட்கவே இல்லையே. கேள்வி கேட்க வேண்டிய இடத்தில் ஜோக் சொல்லிக்கொண்டிருந்தேன்.

முதல் பீரியடை வேறு ஆசிரியையோடு மாற்றிக் கொடுத்தேன். தாமதம் தீர்ந்தது. அவர் என்னிடம் மரியாதையாகவே இருந்தார். நான் ஓய்வு பெறும்வரை ஸ்டாஃப் ரூமில் நான் எதைச் சொன்னாலும் அவர் மட்டும் சிரிக்கவில்லை.

மெமோ என்பது பார்க்கத்தான் கடுமை. அதற்குள் ஒரு உரிமை இருக்கிறது. என்ன குற்றம் என்று எழுதிச் சொல்ல வேண்டும், பதில் சொல்ல நாள் கொடுக்க வேண்டும், கேட்டுவிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். இயற்கை நீதி என்று கோர்ட்டில் சொல்வார்கள். அரசு ஊழியருக்கு அது அரசியல் சாசனத்தின் 311-ஆவது பிரிவிலேயே இருக்கிறது. ஃபாக்டரித் தொழிலாளிக்கு 1946-ல் வந்த நிலையாணைச் சட்டத்திலிருந்து இருக்கிறது. எது எது ஒழுங்கீனம் என்று முன்கூட்டியே எழுதி ஒட்டிவைக்க வேண்டும் என்பதே அந்தச் சட்டத்தின் அடிப்படையாக இருந்தது. அதற்கு முன்னால் மேஸ்திரிக்கு அன்றைக்கு என்ன தோன்றுகிறதோ அதுதான் சட்டம். பின்னால் செய்த திருத்தத்தில், விசாரணை முடியும்வரை சஸ்பென்ஷனில் இருப்பவருக்கு முதல் 90 நாள் பாதிச் சம்பளம், அதற்குமேல் அவர் தவறில்லாமல் விசாரணை இழுத்தால் முக்கால் பங்கு என்றும் வைத்தார்கள். தீர்ப்பு வரும்வரை அவர் குற்றவாளி இல்லை, அவர் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும் என்பதுதான் அதன் அர்த்தம்.

இதெல்லாம் சும்மா வந்ததில்லை. 1918 ஏப்ரல் 27-ல் பெரம்பூர் மில் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கினார்களே, அதில் முன்னால் நின்ற திரு.வி.க. ஒரு தமிழாசிரியர் என்பதில் எனக்கு இன்றைக்கும் ஒரு தனிப் பெருமை. நம் குரோம்பேட்டைக்கே ஒரு தோல் கம்பெனியால் வந்த பெயர். இந்தப் பக்கத்து வீடுகளில் பாதிப் பேருக்காவது தாத்தாவோ அப்பாவோ ஏதாவது ஒரு கேட்டில் கார்டு அடித்தவராகத்தான் இருப்பார். மெமோ, சார்ஜ் ஷீட், டொமஸ்டிக் என்கொயரி எல்லாம் நம் தெருவில் புழங்கிய வார்த்தைகள்.

அப்படிக் கஷ்டப்பட்டு வாங்கிய ஒரு பதில் சொல்லும் உரிமை. அந்தப் பதில் இப்போது நூற்று நாற்பது பேருக்கு ராத்திரி நேர டானிக். அந்த ஆபரேட்டர் பையன் அதை எழுதும்போது ஒருவர்தான் படிப்பார் என்று நம்பி எழுதியிருக்கிறான். தப்பும் தவறுமாக, பயத்தில், எதையோ சொல்லித் தப்பிக்கப் பார்த்து. விசாரணையே முடியாதபோது எல்லோரும் சிரித்து முடித்துவிட்டார்கள் என்றால் தீர்ப்பும் முடிந்துவிட்டது என்றுதான் அர்த்தம். சிட்டிங்கில் அவன் வாயைத் திறந்ததும் எதிரே இருப்பவர் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

"அப்ப அவங்களும் ரிலாக்ஸ் பண்ண வேணாமா டீச்சர்? டெய்லி இதே வேலை" என்று என் மாணவன் கேட்டான். நியாயம்தான். போலீஸ்காரர், டாக்டர், வாத்தியார் எல்லோருக்கும் உள்வட்டச் சிரிப்பு ஒன்று இருக்கும். பரீட்சைப் பேப்பர் திருத்தும்போது நாங்கள் சிரிக்காத சிரிப்பா! ஆனால் பேப்பரில் பெயர் தெரியாது, நம்பர்தான் இருக்கும். திருத்துகிற ஹாலை விட்டு அது வெளியே போகாது. இவன் காட்டிய படத்தில் அந்தப் பையனின் பெயர், டோக்கன் நம்பர், கையெழுத்து எல்லாம் இருந்தது.

மேலே இருப்பவரைப் பார்த்துக் கீழே இருப்பவர் சிரிப்பது வேறு. 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் வாரத்துக்கு 90 மணி நேரம் வேலை, வீட்டில் எவ்வளவு நேரம் மனைவியையே பார்த்துக்கொண்டிருப்பது என்று கேட்டாரே, அன்றைக்கு வந்த மீம்களில் பாதியை எனக்கு அனுப்பியது இதே மாணவன்தான். நானும் ரசித்தேன். அதனால் யாருக்கும் இன்கிரிமென்ட் நிற்கவில்லை.

சரி, மேசைக்குப் பின்னால் இருப்பவர் சிரிக்கவே கூடாதா? கூடும். அதற்கும் எனக்கு ஒரு உதாரணம் உண்டு. நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. 1980-களின் நடுவில். ரெண்டு வாரம் பாடக்குறிப்பு எழுதவில்லை. திடீரென்று ஏ.இ.ஓ. விசிட். நோட்டைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். அதுதான் பயங்கரம். மறுநாள் தலைமை ஆசிரியர் கூப்பிட்டார். அறைக் கதவைச் சாத்தினார். பீரோவைத் திறந்து, நாலாக மடித்துப் பழுத்துப்போன ஒரு தாளை எடுத்தார்.

"இது 1968-ல எனக்கு வந்த மெமோ. அதே குத்தம், பாடக்குறிப்பு எழுதல. பின்னால என் பதில் இருக்கு. உனக்கும் மெமோ வரும்மா. எழுதறதுக்கு மாதிரி வேணும்னா பாத்துக்க. காப்பி மட்டும் அடிச்சிடாத, அந்த ஆபீஸ்ல ஃபைல் எல்லாம் பத்திரமா வச்சிருப்பாங்க."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அவருடைய பதில் ரெண்டே வரி: பாடக்குறிப்பு எழுதாதது தவறு. இனி எழுதிவிட்டே வகுப்புக்குச் செல்வேன். மெமோ எனக்கும் வந்தது. அவர் தடுக்கவில்லை. தடுத்திருக்கவும் கூடாது. ஆனால் அந்த அறையில் நடந்தது யாருக்கும் தெரியாது. அவர் சிரித்தது என்னைப் பார்த்து இல்லை, இருபது வருஷத்துக்கு முந்தைய தன்னைப் பார்த்து. அதன் பிறகு ஓய்வு பெறும்வரை பாடக்குறிப்பு எழுதாமல் நான் வகுப்புக்குள் போனதில்லை. இவ்வளவு நல்ல பாடத்தை நேரில் கற்றும், என் முறை வந்தபோது ரெண்டாவது பெல் ஜோக் சொன்னேன் பாருங்கள்.

நேற்று என் மாணவனுக்குப் போன் செய்தேன். அந்தக் கடிதத்தை குரூப்பிலிருந்து எடுக்கச் சொன்னேன். "எடுத்தா மட்டும் என்ன டீச்சர், ஃபார்வர்ட் ஆனது ஆனதுதான்" என்றான். உண்மைதான். அப்படியும் எடுத்துவிட்டான். விசாரணை அதிகாரி அந்த குரூப்பில் இருந்தார் என்பதை ஒப்புக்கொண்டான். அவரும் ஒரு மஞ்சள் முகம் போட்டிருந்தாராம். வேறொருவரை நியமிக்கச் சொல்லி மேலே எழுதலாமா என்று யோசிக்கிறானாம். யோசிக்காதே, எழுது என்றேன்.

"அப்புறம் டீச்சர், நீங்களும்தானே சிரிச்சீங்க?" என்றான் கடைசியில்.

"சிரிச்சேன்ப்பா. அந்தப் பையன் ராத்திரி ஷிப்டு எத்தனை நாள் தொடர்ந்து பாத்தான்னு யாராவது கேட்டீங்களா?"

கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. ரெஜிஸ்டரைப் பார்த்துச் சொல்கிறேன் என்றான். இன்னும் சொல்லவில்லை.